லண்டன் வி அண்ட் ஏ-யில் உடைக் கண்காட்சி பார்ப்பது எப்படி

உடைக் கண்காட்சிகளில் கூட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் நகரும். முதல் அறையில் எல்லாரும் ஒவ்வொரு லேபிளையும் வரிவிடாமல் படிப்பார்கள். மூன்றாவது அறையில் கால் கடுக்கத் தொடங்கும். கடைசி அறைகளை நடந்தபடியே பார்த்துவிட்டு அருங்காட்சியகக் கடைக்குள் போய்விடுவார்கள். கைபேசி நிறையப் படம் இருக்கும். ஒரு கையின் தையல்கூட மனத்தில் நிற்காது.

1852-இல் தொடங்கி, 1857 முதல் சவுத் கென்சிங்டனில் இயங்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தை, எல்லாரும் சொல்கிறபடி வி அண்ட் ஏ-யை, வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம். பார்க்கும் முறை நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் பொருந்தும்.

நம் ஊர்க் கண்ணுக்கு ஒரு வசதி உண்டு. கடையில் புடவையை எடுத்ததும் கரையைத் திருப்புகிறோம், முந்தானையை விரிக்கிறோம், உள்பக்கம் நூல் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறோம். ஜாக்கெட் தைத்து வந்தால் முதலில் பார்ப்பது உள்தையலை. கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நிற்கும்போது இந்தப் பழக்கத்தை மறந்துவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

டிக்கெட்டும் நேரமும்

நிரந்தரக் காட்சியறைகளுக்குக் கட்டணம் கிடையாது. பெரிய சிறப்புக் கண்காட்சிகளுக்கு நேரம் குறித்த டிக்கெட் வாங்க வேண்டும். அன்றைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. 2019-இல் கிறிஸ்டியன் டியோர் கண்காட்சி பிப்ரவரியில் திறந்தது. மூன்று வாரத்துக்குள் முன்பதிவு தீர்ந்துபோய், ஜூலையில் முடிய வேண்டியதைச் செப்டம்பர் வரை நீட்டினார்கள். 2015-இல் அலெக்சாண்டர் மெக்வீன் கண்காட்சிக்கு 4,93,000 பேருக்கு மேல் வந்தார்கள். கடைசி இரண்டு வார இறுதிகளில் இரவு முழுவதும் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

ஆகவே, அறிவிப்பு வந்ததுமே வாங்கிவிடுங்கள். தீர்ந்துவிட்டால் மூன்று வழிகள் பாக்கி இருக்கும். நாள் நீட்டிப்பு வருகிறதா என்று வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கண்காட்சிக்கு அன்றன்றைக்கான டிக்கெட் விற்கிறார்களா என்று கேளுங்கள். ஆண்டில் இரண்டு மூன்று கண்காட்சிகளாவது பார்ப்பவர் என்றால் உறுப்பினர் அட்டை வாங்கிவிடலாம்; உறுப்பினருக்குக் கண்காட்சிகள் இலவசம். அதைவிடப் பெரிய லாபம், ஒரே கண்காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிவது. உடையை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் வெட்டு புரியும்.

தினமும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5.45-க்கு மூடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 10 வரை உண்டு. டிசம்பர் 24, 25, 26 விடுமுறை. வெள்ளி மாலை 7 மணிக்கு மேல் போவது நல்லது. சனி, ஞாயிறு நடுப்பகலையும், பிப்ரவரி நடு, மே கடைசி, அக்டோபர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறை வாரங்களையும் தவிருங்கள். தொடங்கிய முதல் இரண்டு வாரமும் முடியும் முன் உள்ள கடைசி இரண்டு வாரமும் கூட்டம் தாங்காது.

சவுத் கென்சிங்டன் நிலையத்துக்கு சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட், பிக்காடிலி ஆகிய மூன்று தடங்களும் வரும். நிலையத்திலிருந்தே சுரங்க நடைபாதை இருப்பதால் மழை நாளிலும் நனையாமல் போகலாம். சக்கரப்பெட்டியோடு போகாதீர்கள். முதுகுப்பையைக் கொடுத்து வைத்துவிடுங்கள். குறுகிய அறையில் நீங்கள் திரும்பும்போது பின்னால் நிற்பவரையோ காட்சிமேடையையோ அது இடிக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பென்சில், சிறு நோட்டு, படிக்கும் கண்ணாடி, ஒரு சால்வை. பேனா வேண்டாம், மை தெறித்தால் துணியிலிருந்து போகாது என்பதால் பென்சிலை மட்டுமே அனுமதிப்பார்கள். துணிகளுக்காக வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரே அளவில் வைத்திருப்பதால் வெயில் காலத்திலும் உள்ளே சற்றுக் குளிரும், சால்வை அதற்கு. எம்பிராய்டரி பார்க்க ஆசையுள்ளவர்கள் ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது அது எவ்வளவு அருகில் குவியும் என்று பாருங்கள். சாதாரணத் தொலைநோக்கிகள் பல 3 மீட்டருக்கு உள்ளே தெளிவாகக் காட்டாது. உங்களுக்கு 1 மீட்டர், அதிகம் போனால் 2 மீட்டருக்குள் குவிய வேண்டும்.

கைபேசி டார்ச்சை அடிக்கவே கூடாது. காரணம் அடுத்த பத்தியில்.

இருட்டாக இருப்பது ஏன்

துணி வைத்திருக்கும் அறையில் வெளிச்சத்தை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவில் நிறுத்துவார்கள். சாதாரண அலுவலகத்தில் இதைப்போல ஆறு, பத்து மடங்கு இருக்கும். வெளிச்சம் சாயத்தை வெளுக்கச் செய்யும், பட்டு இழையை நொறுங்கவைக்கும். அந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்ப வராது. ஓர் உடையைச் சில மாதம் காட்டிவிட்டுப் பல ஆண்டு இருட்டுப் பெட்டியில் ஓய்வாக வைப்பதும் அதனால்தான். முன்பு பார்த்த உடையைத் தேடிப் போனால் அது அங்கே இல்லாமல் போவதும் அதனால்தான்.

வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் கறுப்பு உடை வெறும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். வாசலில் உள்ள அறிமுகப் பலகையைப் படித்தபடி ஐந்து நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும். கைபேசித் திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். ஒவ்வொரு முறை பளிச்சென்ற திரையைப் பார்க்கும்போதும் பழகிய கண் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதில் போய்ச் சேர்ந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். பெரியவர்களை அழைத்துப் போனால் பெரிய எழுத்தில் அச்சிட்ட லேபிள் புத்தகத்தை நுழைவாயிலில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். மடக்கு நாற்காலியும் கேட்டால் கிடைக்கும்.

இரண்டு சுற்று

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் சுற்றில் எதையும் படிக்காமல், நிற்காமல் கடைசிவரை நடந்துவிடுங்கள். 20 நிமிடம் போதும். மனம் இழுக்கும் உடைகள் ஐந்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வந்து ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம் நில்லுங்கள். சில கண்காட்சிகளில் ஒருவழிப் பாதைதான். கடைக்குள் போய்விட்டால் திரும்ப விடமாட்டார்கள். பின்னோக்கி நடக்கலாமா என்று நுழையும்போதே ஊழியரிடம் கேட்டுவிடுங்கள்.

கூட்டம் தாண்டிப் போய்விடும் மூலைகள் உண்டு: வெள்ளைக் காடாத் துணியில் தைத்த முன்மாதிரி உடை, விரித்து வைத்த வெட்டுப் படிவம், எக்ஸ்ரே படம், தையல் செய்முறை வீடியோ. முதலில் அங்கே போங்கள். 2017-இல் பாலென்சியாகா கண்காட்சியில் உடைகளை எக்ஸ்ரே எடுத்து மாட்டியிருந்தார்கள். இயல்பாகத் தொங்குவது போலத் தெரிந்த உடைகளுக்குள் துணியை விறைப்பாக நிறுத்தும் பட்டைகளும், விளிம்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும் சிறு எடைகளும் அதில் தெரிந்தன. அதைப் பார்த்த பிறகு அதே உடை வேறாகத்தான் தெரியும்.

ஓர் உடையை எப்படிப் படிப்பது

லேபிளுக்கு முன் உடையைப் பாருங்கள். வரிசை இது.

முதலில் எட்டி நின்று வடிவம். இடுப்பு எங்கே விழுகிறது, அகலம் எங்கே சேர்கிறது? பாவாடை நாற்புறமும் கூடாரம்போல விரிந்தால் எஃகு வளையக் கூண்டான கிரினோலினை நினையுங்கள். அது 1856-க்குப் பிறகு பரவியது. முன்பக்கம் தட்டையாகி அகலமெல்லாம் பின்பக்கம் திரண்டால் அது 1870-களோ 1880-களோ.

அடுத்து நூலோட்டம். பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், உடலில் எந்தத் திசையில் இறங்குகிறது? கோடோ கட்டமோ உள்ள துணியில் இது உடனே தெரியும். வெறும் துணியில் பளபளப்பு ஓடும் திசையைப் பாருங்கள். நம் தையற்காரர்கள் கிராஸ் கட் என்று சொல்வதை, அதாவது துணியை 45 பாகையில் திருப்பி வெட்டுவதை, 1920-களிலும் 30-களிலும் பாரிசில் மதலேன் வியோனே என்ற வடிவமைப்பாளர் முழு உடைக்கே கொண்டுபோனார். அப்படி வெட்டிய உடை, டார்ட் (உடலுக்கேற்பத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) இல்லாமலே உடலோடு ஒட்டி வழியும். மாட்டி வைத்தால் துணி தொங்கி நீண்டுவிடும் என்பதால் கிடங்கில் அதைப் படுக்கவைத்துதான் வைப்பார்கள். விளிம்பு கோணலாக இருந்தால் தையற்காரரைக் குறை சொல்ல வேண்டாம்; துணியின் வயது அது.

மூன்றாவதாக, எப்படி உள்ளே நுழைந்தார்கள்? திறப்பைத் தேடுங்கள். முதுகில் வரிசையாக ஊக்கு என்றால் உடுத்திவிட இன்னொருவர் தேவைப்பட்டிருப்பார். வீட்டில் வேலைக்கு ஆள் இருந்திருக்கிறது என்று அந்த ஊக்குகளே சொல்லிவிடும். நாகரிக உடைகளில் ஜிப் பரவலாக வந்தது 1930-களில்தான். அதற்கு முந்தைய உடையில் ஜிப் இருந்தால் பெரும்பாலும் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்.

நான்காவதாகத் தையல். ஒரே அளவில் ஓடும் மெஷின் தையல் உடைகளில் வரத் தொடங்கியது 1850-களுக்குப் பிறகு. அப்போதும் நீண்ட மூட்டுகளை மெஷினிலும், கழுத்து, கை போன்ற இடங்களைக் கையாலும் தைத்தார்கள். ஒரே உடையில் இரண்டும் இருப்பது வழக்கம்தான். தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் உடையைப் பிரித்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அக்குளில் கறை, விளிம்பில் தேய்மானம், முழங்கையில் ஒட்டு, இவையெல்லாம் உடுத்தியவரின் தடயம். இந்தத் தடயங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. எங்களுக்கு இவைதான் ஒரு கண்காட்சியின் மிகச் சிறந்த பகுதி.

ஐந்தாவதாக நிறம். கண்ணைப் பறிக்கும் ஊதா நிறம் 1860-களின் உடைகளில் திடீரென்று நிறையத் தெரியும். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து முதல் செயற்கை ஊதாச் சாயத்தை எடுத்ததன் விளைவு அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பட்டுகள் நீளவாக்கில் கீறல் கீறலாகக் கிழிந்திருந்தால் பாதுகாப்பில் கோளாறு என்று எண்ணாதீர்கள். பட்டுக்குக் கனமும் சரசரப்பும் வர வெள்ளீய உப்பில் ஊறவைத்தார்கள். அந்த உப்புதான் இழையை உள்ளிருந்து அறுக்கிறது. அதை நிறுத்த வழியில்லை.

பொம்மையை நம்பிவிடாதீர்கள். உடைக்கேற்ற உடலை நுரையும் பஞ்சும் வைத்துப் பிற்பாடு உருவாக்கியிருக்கிறார்கள். ‘அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு ஒல்லி!’ என்று பேழைக்கு முன்னால் பலர் வியப்பார்கள். அப்படியில்லை. பெரிய அளவு உடைகளைப் பிரித்து வேறு உடை தைத்துக்கொண்டார்கள். சின்ன அளவு யாருக்கும் பயன்படாமல் பெட்டியில் தங்கியது. தங்கியதுதான் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

லேபிள், படம், பென்சில்

லேபிளில் எல்லாரும் படிப்பது வடிவமைப்பாளர் பெயரை. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது கடைசி வரியில் உள்ள சேர்க்கை எண். அதன் கடைசிப் பகுதி பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு. உடை தைத்த ஆண்டு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. முன்னால் வரும் எழுத்து எந்தப் பிரிவு என்று காட்டும்: ‘டி’ (T) என்றால் துணி, ‘ஐஎஸ்’ (IS) என்றால் இந்தியப் பிரிவு. இந்த எண்ணை வி அண்ட் ஏ-யின் சேகரிப்புத் தேடல் பக்கத்தில் இட்டால் உடையின் பின்பக்கம், உள்பக்கம், அளவு, கொடுத்தவர் விவரம் எனப் பேழையில் கிடைக்காதவை பல கிடைக்கும். வேறு இடத்திலிருந்து இரவலாக வந்த உடை என்றால் இந்த எண் இருக்காது. கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

சில ஆங்கிலச் சொற்கள் நம்மை ஏமாற்றும். 18-ஆம் நூற்றாண்டு ஆண் உடைப் பக்கம் ‘பனியன்’ என்று இருந்தால் அது வீட்டில் போட்டுக்கொள்ளும் தொளதொளப்பான நீள அங்கி. நம் பனியனுக்குப் பெயர் அந்த வழியாகத்தான் வந்தது. காலிக்கோ என்பது கோழிக்கோட்டின் பெயரால் வந்த பருத்தித் துணி.

படம் எடுக்க அனுமதி உண்டா என்பதை வாசல் பலகை சொல்லும். அனுமதி இருந்தாலும் பிளாஷ் கூடாது. லேபிளை முதலில், உடையை அடுத்து என்று எப்போதும் அதே வரிசையில் எடுங்கள். வீட்டில் குழப்பம் வராது. கண்ணாடியில் உங்கள் உருவம் விழாமல் இருக்கக் கறுப்பு மேலுடை அணிந்து போங்கள், சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். கண்ணாடியில் கைபேசியைச் சாய்க்க வேண்டாம், மணி அடிக்கும். மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படத்தின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வரையத் தெரியாது என்று சொல்பவர்களும் வரையலாம். அழகாக வர வேண்டியதில்லை. முன், பின், பக்கம் என மூன்று எளிய கோட்டு உருவங்கள். அவற்றில் மூட்டுக் கோடுகள், திறப்பு, நூலோட்ட அம்புக்குறி. ஐந்து நிமிட வேலை. பின்பக்கம் தெரியாவிட்டால் பேழைக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சோழமண்டலத்துச் சீத்தை

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடைகளின் லேபிளில், உடை நெதர்லாந்திலோ இங்கிலாந்திலோ தைத்தது, துணி ‘கோரமண்டல் கோஸ்ட்’ என்று அடிக்கடி வரும். அது நம் சோழமண்டலக் கரை. துணி, நாம் சீத்தை என்றும் ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்றும் சொல்லும், சாயத்தால் பூவேலை செய்த பருத்தி. பூக்கொடி ஓடும் பெண்களின் மேல்சட்டை, பாவாடை, ஆண்களின் அங்கி, பெரிய மரம் ஒன்று நடுவில் விரியும் படுக்கை விரிப்பு எனப் பலவகையில் இருக்கும். ஐரோப்பிய நெசவாளர்களும் பட்டு வியாபாரிகளும் பயந்துபோய்த் தடை கேட்டார்கள். பிரான்சு 1686-இல் தடுத்தது, இங்கிலாந்து 1700, 1720 சட்டங்களால் தடுத்தது. நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கட்டிலுக்கு வந்த சீத்தைத் திரைகளை 1775-இல் சுங்கத்தார் பிடித்துவைத்தார்கள். அவை இன்று வி அண்ட் ஏ-யில் இருக்கின்றன.

இந்தத் துணியைப் பார்க்கும்போது நான்கு இடங்களில் கண்ணை நிறுத்துங்கள்.

இலைகள் நீலமாக இருக்கும். வரைந்தவர்கள் பச்சைதான் வைத்தார்கள். அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைத் தூரிகையால் பூசிப் பச்சை வரவழைத்தார்கள். மஞ்சள் வெளிச்சத்துக்கும் சலவைக்கும் நிற்காமல் போய், அடியில் இருந்த நீலம் மட்டும் நின்றுவிட்டது. மடிப்புக்குள், தையலுக்கு அடியில் இன்னும் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கலாம், தேடுங்கள்.

சிவப்பு வெளுக்காமல் இருக்கும். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, படிகாரத்தால் எழுதி, சாயவேரில் கொதிக்கவைத்து எடுத்த சிவப்பு அது. சாயம் இழையோடு பிணைந்துவிட்டது. பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் பிடித்துக்கொள்ளும். கரையோர மணலில் வளரும் சாயவேரை யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கமும் தோண்டினார்கள்.

கறுப்பு ஓரக்கோடுகள் சில இடத்தில் துணியே இல்லாமல் வெறும் ஓட்டையாக இருக்கும். பூச்சி அரித்ததில்லை. இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கரைசல் கடுக்காயோடு சேர்ந்துதான் கறுப்பாகிறது. அந்த இரும்பு பருத்தியைக் காலப்போக்கில் தின்றுவிடுகிறது. பூவுக்குள் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகள், நீலத்தில் முக்கும் முன்போ சிவப்புக்குப் படிகாரம் எழுதும் முன்போ மெழுகால் மூடிய இடங்கள்.

ஸ்டோர்ஹவுஸில் கேட்டு வாங்கிப் பார்ப்பது

கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டுமானால் கிழக்கு லண்டன் போக வேண்டும். ஒலிம்பிக் பூங்காவில் 2025 மே 31 அன்று திறந்த வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ், இரண்டரை லட்சம் பொருள்கள் உள்ள கிடங்கு, கட்டணம் இல்லை. ஹாக்னி விக் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். இங்கே யார் வேண்டுமானாலும், படிப்போ சான்றோ காட்டாமல், ஒரு பொருளைக் கேட்டு எடுத்துவைக்கச் சொல்லலாம்.

சேகரிப்புத் தேடல் பக்கத்தில் பொருளைக் கண்டுபிடித்து, அது ஸ்டோர்ஹவுஸில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்து, ஐந்து வரை தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக நாள் குறிக்க வேண்டும். ஐந்தும் பெரிய கவுனாகக் கேட்டால் ஒன்றையும் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது. ஓர் உடை, இரண்டு துணித்துண்டு, ஒரு சிறுபொருள் என்பது நல்ல கணக்கு. மிக நலிந்தது, இரவல் போயிருப்பது என்று சில கிடைக்காமல் போகலாம். மாற்றாக இரண்டைக் குறித்து வைத்திருங்கள்.

மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போங்கள்; இழை மாட்டிக்கொள்ளும். கையில் கிரீம் தடவாதீர்கள். உடையைத் திருப்புவதும் விரிப்பதும் ஊழியர் செய்வார். தொடலாமா, அளக்கலாமா, லென்ஸ் வைக்கலாமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அளக்க இரும்பு டேப் வேண்டாம், தையல் டேப் கொண்டுபோங்கள். மில்களில் நூல் எண்ணப் பயன்படுத்தும் பிக் கிளாஸ் இருந்தால் அதையும்.

சீத்தை கேட்டிருந்தால் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஊறிப் பிணைந்த சிவப்பும் முக்கி எடுத்த நீலமும் பின்னாலும் தெரியும். மேலே பூசிய மஞ்சள் தெரியாது. பிறகு முன்பக்கம் திருப்பி ஓரக்கோடு ஒன்றை லென்ஸில் பின்தொடருங்கள். கோடு தடித்து மெலிந்து போனால் மூங்கில் எழுதுகோலால் கை எழுதியது. ஒரே உடைசல் ஒரே இடைவெளியில் மறுபடி மறுபடி வந்தால் அச்சுக் கட்டை.